பாலைக்கு எத்தனை ருசி?

மரத்தடி – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சப்போட்டா பற்றிக் கேட்டிருந்த வாசகி ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "நீங்கள் வாங்கிவரும் சப்போட்டா ஒட்டுக்கன்றின் மேல்பாதிதான் சப்போட்டா. மண்ணுக்குள் இருக்கிற வேர் நம்ம ஊர்ப் பாலை மரத்துடையது" என்று நாலு வரி சேர்த்திருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிக் கடிதங்களில் பாலப்பழ ஞாபகம், மீதியில் கேள்வி. ஆகவே இந்த இதழ் முழுக்கப் பாலைக்கே, அதாவது பாலப்பழம் காய்க்கும் உலக்கைப்பாலைக்கே. நான் வேதாரண்யம் பக்கத்து மணலில் முப்பத்துநாலு வருஷம் சப்போட்டா ஒட்டுக் கட்டியவன். அந்த வேலைக்காகப் பாலை விதை பொறுக்கப் போய்த்தான் இந்த மரத்தோடு பழக்கம் ஏற்பட்டது.

கே: எங்கள் தோப்பில் சப்போட்டா மரத்தின் அடியிலிருந்து வேறு மாதிரி இலையோடு ஒரு கொப்பு தளிர்க்கிறது. வெட்ட வெட்ட வருகிறது. இதுதான் நீங்கள் சொன்ன பாலையா? விட்டால் அதிலும் பழம் வருமா? – விவசாயி, ஆயக்காரன்புலம்

ஒரு இலையைப் பறித்து நுனியைப் பாருங்கள். சப்போட்டா இலை நுனி கூர்ந்து முடியும். பாலை இலை நுனியில், யாரோ நகத்தால் கிள்ளியதுபோல் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். இலை தடித்து, கையில் பிடித்தால் தோல் மாதிரி இருக்கும். அப்படியிருந்தால் பாலைதான். ஒட்டுக்குக் கீழே வருவதைச் சின்னதாக இருக்கும்போதே கிள்ளிவிடுவதுதான் தோப்புக்கு நல்லது. விட்டால் வேரின் சாறெல்லாம் அதற்குத்தான் போகும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் பக்கம் கரையேறியபோது, எனக்குத் தெரிந்த ஒரு தோப்பில் சப்போட்டா மரங்கள் பல ஒட்டுக்கு மேலே முறிந்து போயின. மனம் நொந்து தோப்புக்காரர் அப்படியே போட்டுவிட்டார். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால், முறிந்த கட்டைகளின் அடியிலிருந்து பாலை எழுந்து நிற்கிறது. இருபது வருஷம் இன்னொரு மரத்தைத் தாங்கிக்கொண்டு மண்ணுக்குள் இருந்த வேர்கள் அவை. இரண்டு கட்டைகளை மட்டும் பாலையாகவே விடச் சொல்லிக் கெஞ்சினேன், விட்டார். இன்னும் காய்க்கவில்லை. காய்க்கும்.

ஏன் பாலையில் ஒட்டுகிறோம் என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். சப்போட்டா மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து மரம். பாலை இந்த வறண்ட மண்ணிலேயே பிறந்து வளர்ந்தது, மணலும் தாங்கும், உப்புக்காற்றும் தாங்கும். இரண்டும் ஒரே பேரினம், அதாவது நெருங்கிய பங்காளி. அதனால்தான் ஒட்டு பிடிக்கிறது. தொட்டியில் வளர்த்த பாலைக்கன்றைத் தாய்ச் சப்போட்டாவின் கிளை ஓரமாகத் தூக்கி வைத்து, இரண்டிலும் விரல் நீளத்துக்குப் பட்டையோடு சீவி, சீவின முகத்தோடு முகம் வைத்துக் கட்டுவோம். நெருக்கு ஒட்டு என்று பெயர். கத்தி பட்டதும் இரண்டு தண்டிலும் ஒரே மாதிரி வெள்ளைப்பால் கசியும். அதைத் துணியால் துடைத்துவிட்டுக் கட்ட வேண்டும். நான் தொழில் பழகின காலத்தில் வாழைநார், அப்புறம் பிளாஸ்டிக் நாடா. பாலைக்கன்று அந்தப் பருமனுக்கு வரவே இரண்டு வருஷம் ஆகும், அவ்வளவு மெதுவாக வளரும்.

கே: நான் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 'மரபணுப் பன்மை' என்று பாடத்தில் வருகிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், புரிந்துகொண்ட மாதிரி தெரியவில்லை. பாலையை வைத்து விளக்க முடியுமா? – ஆசிரியை, மன்னார்குடி

முடியும் அம்மா. பாலையைப்போல அதற்குத் தோதான மரம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

எங்கள் ஊர் அய்யனார் கோயில் காட்டில் நான் சிறுவனாக இருந்தபோது மூன்று பெரிய பாலை மரங்கள். கிழக்கே இருப்பது, குளத்தங்கரை மரம், குதிரைச் சிலைக்குப் பின்னால் இருப்பது. வைகாசி வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே எங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது: மூன்று மரத்துப் பழமும் மூன்று விதம். கிழக்கு மரத்துப் பழம் நீளம், வேப்பம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது, நல்ல மஞ்சள், கருப்பட்டி மாதிரி இனிக்கும். குளத்தங்கரை மரத்துப் பழம் குட்டையாய் உருண்டிருக்கும், தோலில் பால் அதிகம், இரண்டு தின்றாலே உதடு ஒட்டிக்கொள்ளும். குதிரைக்குப் பின்னால் நின்ற மரத்துப் பழத்தில் இனிப்பு சுமார்தான், கூடவே ஒரு துவர்ப்பு. அதனால் எங்களுக்கு அது கடைசி மரம். ஆனால் மற்ற இரண்டும் ஆனியோடு ஓய்ந்துவிடும், அது ஆடி பிறந்தும் காய்த்துக்கொண்டிருக்கும். கொண்டைக்குருவிகளும் குயிலும் ஆடியில் அங்கேதான் கிடக்கும்.

ஒரே மண், ஒரே மழை, கூப்பிடு தூரத்தில் மூன்று மரம். அப்படியிருந்தும் பழத்தின் நீளம், பால், இனிப்பு, பழுக்கும் மாதம் எல்லாம் வேறு. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான் அம்மா: இந்த வித்தியாசம் மண்ணில் இல்லை, விதைக்குள்ளே எழுதியிருக்கிறது. விதையில் எழுதியிருக்கிற அந்த வித்தியாசங்களின் மொத்தம்தான் மரபணுப் பன்மை. தேனீயும் மற்றப் பூச்சிகளும் ஒரு மரத்து மகரந்தத்தை இன்னொரு மரத்துப் பூவுக்குக் கொண்டுபோகின்றன. அப்படி உண்டாகும் விதையில் அம்மா பாதி, அப்பா பாதி. அண்ணன் தம்பி ஒரே முகமாக இல்லாததுபோல, ஒரு மரத்தின் கீழே முளைத்த நாலு கன்றும் நாலு விதமாகத்தான் இருக்கும். மாந்தோப்பில் நாம் காசு கொடுத்து வாங்கும் பங்கனப்பள்ளி அப்படியில்லை. அத்தனையும் ஒட்டு, ஒரே மரத்தின் நகல். பாலையை இன்னும் யாரும் பெரிதாக ஒட்டுக் கட்டி நகல் எடுக்கவில்லை. அதனால் இன்று விதையில் முளைத்து நிற்கிற ஒவ்வொரு பாலையும் உலகத்தில் ஒன்றே ஒன்று.

வகுப்பில் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். சீசனில் பிள்ளைகளை ஐந்து பாலை மரங்களுக்குக் கூட்டிப்போங்கள். ஒவ்வொன்றின் கீழும் இருபது பழம் பொறுக்கித் தனித்தனிப் பையில் போட்டு, பையில் மரத்தின் அடையாளத்தை எழுதச் சொல்லுங்கள். அளவுகோல் வைத்து நீளம், அகலம் குறிக்கட்டும். பழத்தைத் தின்றுவிட்டு, கொட்டை ஒன்றா இரண்டா என்று எண்ணட்டும். பெரும்பாலும் ஒன்றுதான், அரிதாக இரண்டு வரும். கொட்டை பழுப்பாக, மெருகேற்றின மாதிரி மினுங்கும். அதன் நீளத்தையும் எழுதட்டும். இனிப்புக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று அவர்களே போடட்டும். ஐந்து மரத்தின் கணக்கையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதினால், ஆராய்ச்சி நிலையத்தில் ரகத் தேர்வு செய்கிறவர்கள் முதலில் செய்யும் வேலையை உங்கள் பிள்ளைகள் செய்து முடித்திருப்பார்கள். டி.என்.ஏ. பரிசோதனையெல்லாம் அதற்கு அடுத்த படி. வெளியே தெரியாத வித்தியாசத்தையும் அது காட்டும். ஆனால் நாக்குக்குத் தெரிவதும் பொய்யில்லை.

கே: பாலை என்பது சோரியாசிஸுக்கு எண்ணெய் காய்ச்சுகிற மரம்தானே? – வாசகர், கும்பகோணம்

அது வெட்பாலை. ஏழிலைப்பாலை, குடசப்பாலை என்றும் உண்டு. கிள்ளினால் பால் வருவதால் எல்லாவற்றுக்கும் நம்மவர்கள் பாலை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த மூன்றும் அரளிக் குடும்பம். நான் எழுதுவது உலக்கைப்பாலை. இது இலுப்பை, மகிழம், சப்போட்டா குடும்பம். மரத்துண்டு தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனம், உலக்கைக்கு ஏற்றது. தாவர நூல்களில் இதன் பெயர் மணில்காரா ஹெக்ஸாண்ட்ரா. ஹெக்ஸாண்ட்ரா என்றால் ஆறு மகரந்தத் தாள் உள்ளது என்று பொருள். மார்கழி, தை வாக்கில் பூ கிடைத்தால் எண்ணிப் பாருங்கள்.

கே: ஐயா, நீங்கள் சொல்கிற அந்தக் கிழக்கு மரத்தையே ஒட்டுக் கட்டி ஊரெல்லாம் கொடுத்தால் என்ன? துவர்க்கிற மரத்தை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? – இளைஞர், பட்டுக்கோட்டை

தம்பி, ஒட்டுக் கட்டுங்கள். நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன். பழம் விற்கத் தோப்பு வைக்கிறவனுக்கு இனிக்கிற மரத்தின் ஒட்டுதான் வேண்டும். விதைக்கன்று காய்க்கப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். காய்த்த பிறகும் அது எப்படி இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விருப்பாச்சி வாழையை நினைத்துப் பாருங்கள். கீழ்ப்பழனி மலைகளில் காபிக்கு நடுவே எங்கு பார்த்தாலும் அந்த மலைவாழைதான் இருந்தது. வாழைக்கு விதை இல்லை. பக்கக்கன்றை எடுத்து நடுகிறோம், ஆகவே அத்தனையும் ஒரே வாழை. 1970களில் முடிக்கொத்து நோய் வந்தது. ஒரு வாழையை அழித்த நச்சுயிரிக்கு (வைரஸ்) அடுத்த வாழையும் அப்படியே ஆட்பட்டது. மலை மலையாக அழிந்தது. அப்புறம் திசு வளர்ப்பில் நோயில்லாத கன்று எடுத்துத்தான் மறுபடி நட வேண்டியிருந்தது.

பாலைக்கு நாளைக்கு என்ன நோய் வரும், மழை எந்த மாதத்துக்குத் தள்ளிப்போகும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்குத் தாக்குப்பிடிக்கிற குணம் எந்த மரத்துக்குள் இருக்கிறது என்பதும் இன்றைக்குத் தெரியாது. துவர்க்கிற மரத்துக்குள் இருக்கலாம். எங்கள் குதிரைக்குப் பின்னால் நின்ற மரம் ஆடியில் காய்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு இனிப்பை விடப் பெரிய லாபம் அது, எல்லா மரமும் ஓய்ந்தபின் ஒரு மரம் காய்க்கிறது. அந்தக் குணத்தையும் கிழக்கு மரத்தின் இனிப்பையும் யாராவது ஒருநாள் சேர்த்துப் பார்க்க ஆசைப்பட்டால், இரண்டு மரமும் உயிரோடு இருக்க வேண்டும்.

கே: கோயில் நிலத்தில் ஐந்நூறு பாலைக்கன்று நடத் திட்டம். ஒரு மரத்தின் கீழேயே தேவையான விதை கிடைக்கிறது. எப்படி முளைக்க வைப்பது? – கிராம இளைஞர் மன்றம், திருத்துறைப்பூண்டி வட்டம்

முளைக்க வைப்பது எளிது, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த 'ஒரு மரத்தின் கீழேயே' என்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன்.

சுமார் முப்பது வருஷத்துக்கு முன்பு ஒரு பள்ளிக்கூட மைதான ஓரத்துக்கு அறுபது பாலைக்கன்று கேட்டார்கள். ஒட்டுவேலைக்கு நான் வழக்கமாக விதை பொறுக்கும் மரம் ஒன்று சாலையோரத்தில் இருந்தது. அள்ள அள்ளக் குறையாத காய்ப்பு, சைக்கிளை நிறுத்தினால் கால் மணி நேரத்தில் ஒரு பை நிறைந்துவிடும். அறுபதையும் அதிலிருந்தே போட்டேன். கன்றுகள் நன்றாக வந்தன, எல்லோரும் பாராட்டினார்கள், நானும் பெருமைப்பட்டேன். அந்த அறுபதும் ஒரே தாய்க்குப் பிறந்தவை என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. இன்று அவை தங்களுக்குள்தான் பூ மகரந்தம் மாற்றிக்கொள்கின்றன, சுற்றுவட்டத்தில் வேறு பாலை இல்லை. அக்காள் தங்கை பிள்ளைகளுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சம்பந்தம் செய்தால் வம்சம் என்ன ஆகும்? மரத்துக்கும் அதேதான். முளைப்பு குறையும், கன்று நோஞ்சானாகும். அது ஒரு தலைமுறையில் கண்ணுக்குத் தெரியாது. பாலையின் ஆயுள் நம் ஆயுளைவிடப் பெரிது. தப்பு தெரியவரும்போது செய்தவன் இருக்க மாட்டான்.

ஆகவே தம்பிகளே, ஐந்நூறு கன்று என்றால் ஊர் ஊராகச் சுற்றுங்கள். காடு வளர்க்கிறவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு, குறைந்தது முப்பது தாய் மரம், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஐம்பது நூறு மீட்டராவது இடைவெளி. பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை அநேகமாகத் தாயும் பிள்ளையும்தான். முப்பது கிடைக்காவிட்டால் பதினைந்தாவது. ஒவ்வொரு மரத்திலிருந்தும் சம அளவு விதை எடுங்கள். கொழுத்த காய்ப்பு உள்ளதில் நூறும், வறண்டதில் ஐந்தும் என்று எடுத்தால் மறுபடி ஒரு மரத்துப் பிள்ளைகளே மிஞ்சும். நடும்போது கலந்து நடுங்கள், ஒரு தாயின் கன்றுகளை ஒரே வரிசையில் வைக்காதீர்கள். கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் போய் விதை எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். வேதாரண்யத்தில் சீசனில் பழம் விற்கும் பெண்களிடம் வாங்கினால், பல மரத்துப் பழம் ஒரே கூடையில் கலந்திருக்கும். தின்றுவிட்டுக் கொட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி முளைப்பு. பழச்சதையைக் கழுவி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, மிதப்பதை எடுத்துவிடுங்கள். மேலோடு ரொம்பக் கெட்டி. ஓரத்தைச் சொரசொரப்பான கல்லில் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் தண்ணீர் உள்ளே போகும். உள்ளே பருப்பு தெரியும்வரை தேய்த்துவிடாதீர்கள். மணலும் தொழு எருவும் கலந்த பாத்தியில் ஒரு விரல் ஆழம். ஒன்றரை மாதம்கூட ஆகும், பொறுமை இழந்து கிளறிப் பார்க்காதீர்கள். முக்கியமானது: அந்த சீசன் விதையை அந்த சீசனிலேயே போடுங்கள். தைக்கு என்று எடுத்து வைத்த விதை எனக்குப் பாதிகூட முளைத்ததில்லை.

கே: வணக்கம் ஐயா. எங்கட வன்னியிலயும் பாலைப்பழம் இருக்கு. சீசனுக்குக் கண்டி வீதி ஓரத்தில வச்சு விப்பினம். உங்கட பாலையும் இதுவும் ஒண்டுதானோ? – வாசகி, வவுனியா

ஒன்றுதான் அம்மா, அதே இனம். சிங்களத்தில் பலு என்பார்கள். யால காட்டில் ஆனி, ஆடி மாதங்களில் கரடி பார்க்கப் போகிறவர்கள் பலு மரத்தடியில்தான் காத்திருப்பார்கள். கரடிக்கு இந்தப் பழம் என்றால் உயிர், மரத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். உங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களிலும் பாலை இருக்கிறது, திருகோணமலையில் பாலையூற்று மாதிரி.

இனம் ஒன்று என்றாலும் நான் 'அதே மரம்' என்று சொல்ல மாட்டேன். பத்தாயிரம் வருஷத்துக்கு முன்பு பாக்கு நீரிணை தரையாகக் கிடந்தது. கோடியக்கரையும் உங்கள் கரையும் ஒரே நிலம். மரநாயும் நரியும் பழம் தின்று நடந்து போயிருக்கும். பிறகு கடல் ஏறிவிட்டது. அன்றிலிருந்து உங்கள் மரமும் எங்கள் மரமும் தனித்தனியே வழி பார்த்துக்கொண்டிருக்கின்றன. அதனால் உங்களிடம் உள்ள ருசி எங்களிடம் இல்லாமல் இருக்கலாம், எங்களிடம் உள்ளது உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். வன்னிப் பாலையை ஒருமுறை தின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீதியோரத்தில் விற்கிறவர்கள் கிளையை வெட்டிப் பழம் பறிக்கிறார்களா, கீழே விழுந்ததைப் பொறுக்குகிறார்களா? கிளையை வெட்டினால் அந்த மரத்துக்கு அடுத்த வருஷம் பழமே இருக்காது. பார்த்து எழுதுங்கள்.

கே: சூரத்தில் வேலை பார்க்கிறேன். கோடையில் இங்கே தள்ளுவண்டியில் 'ராயண்' என்று மஞ்சளாக ஒரு பழம் விற்கிறது. அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு நம்ம பாலப்பழம் என்கிறார். சரிதானா?

உங்கள் அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வடக்கே இந்திக்காரர்கள் கிர்னி என்பார்கள், குஜராத்தில் ராயண். பாலிதானாவில் சத்ருஞ்சய மலைமேல் சமணர்கள் வணங்கும் ராயண் மரம் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதர் அமர்ந்தது ராயண் மரத்தடியில் என்பது அவர்கள் நம்பிக்கை. பொன்னேரிப் பக்கம் திருப்பாலைவனத்தில் பாலை தலமரமாக நிற்பதை இதோடு சேர்த்து நினைத்துக்கொள்வேன்.

நம்மைவிட குஜராத்திகள் இந்தப் பழத்தை மதிக்கிறார்கள். உலர்த்தி வைத்தும் தின்கிறார்கள். கோத்ரா பக்கத்தில் உள்ள மத்திய தோட்டக்கலை ஆய்வுப் பண்ணையில், பல மரங்களைத் தேடிப் பார்த்து, அதில் சிறந்ததைத் தேர்ந்து 'தார் ரிதுராஜ்' என்று ஒரு ரகமே கொடுத்திருக்கிறார்கள். காட்டில் அத்தனை விதம் நின்றதால்தான் தேர்ந்தெடுக்க ஒன்று கிடைத்தது. நம் பக்கம் கோடியக்கரையிலிருந்து புதுக்கோட்டை, கடலூர் கோயில்காடுகள் வரை நிற்கும் மரங்களை அப்படி ஒருவர் ருசி பார்த்து, அளந்து, எழுதிவைக்கக் காத்திருக்கிறேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ராயண் கொஞ்சம் கொண்டுவாருங்கள், அம்மாவிடம் இரண்டையும் கொடுத்து எது ருசி என்று கேட்டு எழுதுங்கள்.

கே: விதைகளை எல்லாம் குளிர்பதன அறையில் சேமித்து வைக்கிறார்களே, பாலையையும் அப்படி வைத்துவிட்டால் போதாதா? – கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

நெல்லுக்குச் சரி. நன்றாகக் காயவைத்து உறைகுளிரில் வைத்தால் பல்லாண்டு கிடக்கும். பாலை விதை எடுத்துவைத்தால் என்ன ஆகிறது என்பதை மேலே சொன்னேன். இதற்கு நிற்கிற மரம்தான் களஞ்சியம். அந்த மரம் வீட்டுக்கொல்லையில் இருக்கலாம், கோயில்காட்டில் இருக்கலாம், சுடுகாட்டு ஓரத்தில் இருக்கலாம். கோயில்காடு என்று சாமி பெயரால் விட்டுவைத்தது பெரிய காரியம். பாலையோடு வீரை, காசான், கருங்காலி, நாவல் எல்லாம் சேர்ந்து நிற்கும். கடற்கரை ஓரத்து உலர் பசுமைமாறாக் காடு என்பது இன்று பெரும்பாலும் இப்படித் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே விதை சுமக்க வௌவால் வேண்டும், பறவை வேண்டும். அதனால் வௌவால் தொங்கும் மரத்தில் வெடி போடுகிறவர்களைத் தடுப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

நீங்கள் மாணவி என்பதால் ஒன்று. 2002ஆம் வருஷத்து உயிரியல் பன்முகச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு குழு இருக்க வேண்டும். ஊரில் உள்ள செடி கொடி மரங்களை அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் போய் அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். அதில் 'பாலை' என்று ஒரு வரி இருந்தால் போதாது. எத்தனை மரம், எங்கே, எதன் பழம் எப்படி, எது எந்த மாதம் காய்க்கிறது என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

கே: எங்கள் கோயில் திருப்பணியின்போது சுற்றுச்சுவர் கட்ட இரண்டு பாலையை வெட்டிவிட்டார்கள். ஒன்று காய்ப்பே இல்லாத மரம் என்று காரணம் சொன்னார்கள். மனசு கேட்கவில்லை. – வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

எனக்கும் கேட்கவில்லை அம்மா. காய்க்காத மரம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பாலை ஒரு வருஷம் அள்ளிக் கொடுக்கும், இரண்டு வருஷம் சும்மா இருக்கும். அந்த இரண்டு வருஷத்தில் பார்த்தவர் அப்படித்தான் சொல்வார். வெட்டின கட்டையை வேரோடு பெயர்த்துவிட்டார்களா? இல்லையென்றால் அதன்மேல் மண் கொட்ட விடாதீர்கள், ஆடு கடிக்காமல் நாலு முள் வெட்டிப் போடுங்கள். கட்டையிலிருந்து தளிர்க்க வாய்ப்பு உண்டு. தளிர்த்தால் நேராக வருகிற ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். அது புதுக்கன்று இல்லை, அதே பழைய மரம், அதே குணம். தளிர்த்ததும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

கே: பாலப்பழம் தின்றால் உதடு பசை மாதிரி ஒட்டிக்கொள்கிறதே, என்ன செய்வது? – ஏழாம் வகுப்பு மாணவன், தோப்புத்துறை

தின்பதற்கு முன்னால் உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். எங்கள் ஆத்தா எங்களை அப்படித்தான் அனுப்பும், விரல்நுனியில் எண்ணெய் தொட்டு வரிசையாக நிறுத்தித் தடவிவிடும். மரத்திலிருந்து பறித்த உடனே தின்னாதே, ஓலைப்பாயில் பரப்பி ஒருநாள் நிழலில் போட்டால் பால் அடங்கி இன்னும் இனிக்கும். ஒட்டிக்கொண்டுவிட்டால் தண்ணீர் ஊற்றித் தேய்க்காதே, போகாது, எண்ணெய்தான் போகவைக்கும். கொட்டையைத் துப்பிவிடாமல் எடுத்துவை. எந்த மரத்தடியில் பொறுக்கினாய் என்பதைத் தாளில் எழுதி, அதிலேயே மடித்து எனக்கு அனுப்பு. உங்கள் ஊர்ப் பக்கத்து மரம் என்னிடம் இன்னும் ஒன்றுகூட இல்லை.